வாசல் கம்பி

அம்மாவை வீல்சேரில் உட்காரவைத்து, தெருமுனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். மாடும் பைக்கும் நுழையக் கூடாதென்று வாசலில் வளைத்து வளைத்துக் கம்பி நட்டிருக்கிறார்கள். ஆள் ஒருக்களித்து நுழையலாம். சக்கர நாற்காலி எப்படி நுழையும்? பெரிய கேட்டுக்குப் பூட்டு. துருப்பிடித்த பூட்டு, திறந்து பல நாள் ஆகியிருக்கும்.

உள்ளே சாய்தளம் ஒன்று தெரிகிறது. ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும்; இங்கே மூன்றடியில் முடித்துவிட்டார்கள். தள்ளுகிறவர் கையும் நழுவும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். மெரினா மணலிலேயே 2022இல் சக்கர நாற்காலி போக மரப்பாதை போட முடிந்ததே, சிமெண்ட் தரையில் முடியாதா?

கம்பிக்கு வெளியிலிருந்தே வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: “போதும்டா, வீட்டுக்குப் போலாம்.” வயிறு எரிகிறது.