ரெக்கார்டுக்கு முன்னால் தாள் இருந்தது

இசை வியாபாரம் கிராமபோன் தட்டோடு தொடங்கியது என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தவறு. ராயல்டி, அதாவது விற்கும் பிரதிக்கு இவ்வளவு என்று எழுதியவருக்குத் தரும் பங்கு குறித்த தகராறு, காசு வாங்கிக்கொண்டு பாட்டைப் பரப்புவது, பாடகர் படத்தைப் போட்டு விற்பது, எழுத ஆசைப்படும் புதியவர்களிடம் பணம் பறிப்பது, இவை எல்லாமே அமெரிக்காவில் பாட்டு அச்சிட்ட தாளாக விற்ற காலத்திலேயே முழு உருவம் எடுத்துவிட்டன. தட்டும் ரேடியோவும் அந்த வழக்கங்களைச் சுவீகரித்துக்கொண்டன, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள பாட்டுப் பதிப்பாளர்கள் குவிந்திருந்த நியூயார்க் 28-ஆம் தெருவின் பியானோ சத்தத்திலிருந்து தொடங்கக்கூடாது. ஓர் உலோகத் தகட்டிலிருந்து தொடங்க வேண்டும். பணக் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ஈயமும் வெள்ளீயமும் கொஞ்சம் ஆன்டிமனியும் கலந்த மெல்லிய தகடு. பாட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு தகடு. செதுக்குகிறவர் சுத்தியலைத் தொடுவதற்கு முன் எண்ண வேண்டும். ஒரு வரியில் எத்தனை தாளக் கட்டம் அடங்கும், எந்தச் சொல் அகலமாக இடம் கேட்கும், பக்கம் திருப்புகிற இடத்தில் வாசிப்பவருக்கு ஒரு கையாவது ஓய்வாக இருக்குமா, இவ்வளவையும் காம்பஸ் வைத்துத் தகட்டில் புள்ளி குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டுத் தாளில் ஸ்வரங்களைவிடச் சொற்கள்தான் இடத்தைத் தின்னும். இந்தக் கணக்கு பிசகினால் கடைசி வரியில் எழுத்தெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பழைய மலிவுப் பதிப்புகளில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பிறகு ஐந்து பல் உள்ள கருவியால் ஐந்து கோடுகளையும் ஒரே இழுப்பில் கீறுவார். எல்லாம் கண்ணாடிப் பிம்பமாக, வலமிருந்து இடமாக. ஸ்வரத் தலை, வரியின் தொடக்கத்தில் வரும் கிளெஃப் குறி, ஸ்வரத்தை அரைப்படி ஏற்றும் ஷார்ப், இறக்கும் ஃப்ளாட், ஓய்வுக் குறி, பாட்டு வரியின் ஒவ்வொரு எழுத்து, எல்லாவற்றுக்கும் தனித்தனி எஃகு அச்சு உண்டு. வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஸ்வரத்தின் தண்டையும் வளைகோட்டையும் உளியால் கையாலேயே வெட்டுவார்கள். பெரிய அச்சுகளை முதலில் அடித்துவிட வேண்டும். அடிக்கும்போது உலோகம் ஒதுங்கிப் பக்கத்தில் இருப்பதை நெளித்துவிடும் என்பதுதான் காரணம். தப்பு விழுந்தால் தகட்டைத் திருப்பி, சரியாக அந்த இடத்தின் முதுகைக் காலிப்பரால் கண்டுபிடித்து, பின்னாலிருந்து தட்டிப் பள்ளத்தை மேலே கொண்டுவந்து, தேய்த்துச் சமமாக்கி, மறுபடி அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் திருத்தினால் தகடு மெலிந்துவிடும்.

தகடு மென்மையானது. அதிலிருந்தே நேராக அச்சிட்டுக்கொண்டு போனால் கோடுகள் மழுங்கும், பிரதிகள் வெளிறிக்கொண்டே வரும். அதனால் கல்லிலிருந்து அச்சிடும் லித்தோகிராஃபி முறை பரவிய பிறகு தகட்டை மூலமாக மட்டும் வைத்துக்கொண்டார்கள். கொழுப்பு மையில் ஒரே ஒரு படி எடுத்து, அதைக் கல்லுக்கு மாற்றி, கல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் அடித்தார்கள். தகடு அலமாரிக்குப் போய்விடும். பக்கத்தின் அடியில் சின்னதாக ஓர் எண் இருக்கிறதே, அது தகட்டு எண். அலமாரியில் தேடி எடுப்பதற்காக அடித்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். செதுக்குக்கூலி, அட்டைப்படம் வரைபவர் கூலி, கல் தயாரிப்பு எல்லாம் முதல் பிரதியின் தலையில் விழுகின்றன. இரண்டாவது பிரதிக்குத் தாளும் மையும் மட்டும். விற்காத பாட்டு முழு நஷ்டம். விற்கிற பாட்டு, விற்க விற்கக் கிட்டத்தட்ட முழு லாபம். நடுவாந்தரமாக விற்றுப் பிழைப்பது கடினம். இந்தத் தொழிலில் பின்னால் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கணக்கே வேர்.

19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பதிப்பாளர்கள் இதை ஒரு சுலபமான வழியில் சமாளித்தார்கள். வெளிநாட்டு இசைக்கு அமெரிக்காவில் காப்பிரைட் கிடையாது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற ஒன்றை எடுத்து யாருக்கும் காசு கொடுக்காமல் அடித்துக்கொள்ளலாம். அந்தக் கதவு ஓரளவு மூடியது 1891 ஜூலை 1-இல், வெளிநாட்டவர் படைப்புக்கும் காப்பிரைட் தந்த சேஸ் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான். அதுவரை உள்நாட்டுக்காரர் எழுதிய பாட்டுக்கு ஏன் ராயல்டி தரவேண்டும் என்ற மனநிலைதான் தொழிலை ஆண்டது.

அதற்கு விலை கொடுத்தவர் பாட்டாசிரியர் ஸ்டீஃபன் ஃபாஸ்டர். அவருடைய ‘ஓ சுஸானா’ 1848-க்கும் 1851-க்கும் நடுவில் இருபது தடவைக்கு மேல் வெவ்வேறு பதிப்பாளர்களால் அச்சிடப்பட்டது. அவர் கைக்கு வந்தது 100 டாலர். ‘ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்’ 1851-இல் வெளியானபோது அட்டையில் ஆசிரியர் பெயர் ஈ.பி. கிறிஸ்டி, மேடைப் பாட்டுக் குழு நடத்தியவர். பெயர் போட்டுக்கொள்ளும் உரிமையை ஃபாஸ்டரே விற்றிருந்தார். மறு வருடம் பெயரைத் திருப்பிக் கேட்டார், கிடைக்கவில்லை. 1857-இல் தன் பாட்டுகளின் எதிர்கால வருமானம் அனைத்தையும் ஏறத்தாழ 1,900 டாலருக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டார். 1864 ஜனவரியில் 37 வயதில் நியூயார்க்கில் இறந்தபோது பையில் இருந்தது 38 சென்ட். இந்த 38 சென்ட்டைச் சொல்லி உருகுகிறவர்கள் அந்த 1857 விற்பனையைச் சொல்வதில்லை. ஒரே தொகைக்கு விற்பதா, பிரதிக்கு இவ்வளவு என்று வாங்குவதா, பாட்டு எழுதியவரின் தலையெழுத்தை நிர்ணயித்தது ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரிதான்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1899 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்தின் செடேலியா ஊரில் இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளினுக்கும் பதிப்பாளர் ஜான் ஸ்டார்க்குக்கும் ‘மேப்பிள் லீஃப் ராக்’ என்ற பியானோ இசை குறித்து எழுதப்பட்ட ஒப்பந்தம். பிரதிக்கு ஒரு சென்ட் ராயல்டி, பத்துப் பிரதி இலவசம், ஒவ்வொரு தாளிலும் ஜாப்ளின் பெயர் இருந்தாக வேண்டும். முதல் வருடம் போனது 400 பிரதி அளவில்தான். ஒரே தொகைக்கு விற்றிருந்தால் அந்த நேரத்தில் அதுவே புத்திசாலித்தனமாகத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த இசை மெல்லப் பரவி, வருடக்கணக்கில் விற்றுக்கொண்டே இருந்தது. ஒரு கறுப்பின இசையமைப்பாளர் அந்தக் காலத்தில் அப்படி ஓர் ஒப்பந்தம் பெற்றது பெரிய விஷயம். அதே ஆண்டுகளில் கறுப்பின மக்களைக் கேவலமாக வரைந்த அட்டைகளும், அவர்களை இழிவு செய்யும் வரிகளும் நியூயார்க் கம்பெனிகளின் முக்கிய வரும்படியாக இருந்தன. இந்தத் தொழிலின் பொற்காலம் என்று பேசும்போது அதை மறைப்பது நேர்மையாகாது. 1905-இல் காதம்-அட்டக்ஸ் என்ற கறுப்பினப் பதிப்பகம் நியூயார்க்கில் தோன்றியதை அந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

சார்லஸ் கே. ஹாரிஸ் விஷயத்துக்கு வருவோம். மில்வாக்கிக்காரர், ஸ்வரக் குறியீடு (நொட்டேஷன்) எழுதத் தெரியாதவர், வேறொருவரை வைத்து எழுதிக்கொள்வார். முந்தைய பாட்டு ஒன்றுக்கு நியூயார்க்கிலிருந்து வந்த ராயல்டி 85 சென்ட். இனி நானே பதிப்பிப்பேன் என்று முடிவெடுத்து 1892-இல் ‘ஆஃப்டர் தி பால்’ பாட்டைத் தானே வெளியிட்டார். ஓடிக்கொண்டிருந்த ‘எ ட்ரிப் டு சைனாடவுன்’ நாடகத்தில் அதைச் செருகிப் பாடவைக்க, ஜே. ஆல்ட்ரிச் லிப்பி என்ற பாடகருக்கு 500 டாலரும் விற்பனையில் பங்கும் கொடுத்தார். பாஸ்டனில் இசைத் தாள் விற்ற ஆலிவர் டிட்சன் கம்பெனி 75,000 பிரதிக்கு ஆர்டர் அனுப்பியது. 1893 சிகாகோ கண்காட்சியில் புகழ்பெற்ற பேண்டு தலைவர் சூசாவின் குழு அதை வாசித்தது. விற்பனை பல லட்சங்களைத் தாண்டியது. பாடகருக்குக் காசு கொடுத்துப் பாட்டைப் பரப்பும் முறை ஹாரிஸ் கண்டுபிடித்ததல்ல. அது எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியவர் அவர்.

அதன் பிறகுதான் மேற்கு 28-ஆம் தெரு, ஐந்தாவது ஆறாவது அவென்யூக்களுக்கு நடுவில். விட்மார்க் என்ற பதிப்புக் கம்பெனி 1893-இல் அங்கே போனது, மற்றவர்கள் பின்னால் போனார்கள். நாடகக் கொட்டகைகளுக்கும் பாடகர்களுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். அந்தத் தெருவுக்கும் பாட்டுத் தொழிலுக்கும் ஏற்பட்ட டின் பான் ஆலி என்ற பெயர் அங்கிருந்த மலிவு பியானோக்களின் தகரச் சத்தத்தைக் குறித்தது என்பார்கள். அங்கே வந்தவர்கள் யார் என்று பாருங்கள். எட்வர்டு மார்க்ஸ் பொத்தான், ஊசி-நூல் விற்றவர். அவருடைய கூட்டாளி ஜோசஃப் ஸ்டெர்ன் கழுத்து டை விற்றவர். லியோ ஃபீஸ்ட் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் கோர்செட் உள்ளாடை விற்றவர். சரக்கை வைத்துக்கொண்டு ஆள் வருவதற்காகக் காத்திருக்கும் பழக்கம் இவர்களுக்குக் கிடையாது. சரக்கைத் தூக்கிக்கொண்டு ஆள் இருக்கும் இடத்துக்குப் போனார்கள்.

அந்த வேலை செய்தவருக்குப் பெயர் ‘சாங் பிளக்கர்’. கடைக் கவுன்டரில் பியானோ போட்டு, வாடிக்கையாளர் நீட்டிய தாளை வாசித்துக் காட்டுவார். கொட்டகையில் பார்வையாளர் நடுவே உட்கார்ந்திருந்து, மேடையில் பாட்டு முடிந்ததும் தானாக உற்சாகம் வந்தவர்போல எழுந்து பல்லவியைத் திரும்பப் பாடுவார். பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான ஜார்ஜ் கெர்ஷ்வின் 15 வயதில், 1914-இல், ரெமிக் கம்பெனியில் வாரம் 15 டாலருக்குச் செய்தது இந்த வேலைதான். மார்க்ஸும் ஸ்டெர்னும் 1894-இல் தங்கள் பாட்டு ஒன்றுக்குக் கண்ணாடி ஸ்லைடுகள் தயாரித்தார்கள். கதையை நடிகர்களை வைத்துப் படம் எடுத்து, கையால் வண்ணம் தீட்டி, பாடும்போது திரையில் காட்டுவது. கடைசி ஸ்லைடில் பல்லவியின் வரிகள் வரும், கொட்டகையே சேர்ந்து பாடும். வீட்டுக்குப் போகும்போது பாதிப் பாட்டு மனப்பாடம். மீதிப் பாதிக்காகத் தாள் வாங்க வேண்டும்.

பாட்டின் கட்டுமானமே அந்த விற்பனைக்காக வளைந்தது. நம் கீர்த்தனையில் பல்லவி முதலில். அங்கே சரணம் முதலில் கதை சொல்லும், பிறகு பல்லவி. கேட்டவர் காதில் தங்க வேண்டியது பல்லவி, ஆகவே மெட்டின் பலம் எல்லாம் அங்கே. குரல் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு ஸ்தாயிக்குள். ஷார்ப், ஃப்ளாட் குறைந்த சுருதிகள். பியானோவில் வலது கை மெட்டையே வாசிக்கும், பாட ஆள் இல்லாவிட்டாலும் வீட்டில் பாட்டு கேட்க வேண்டும் அல்லவா. முன்னிசைக்குப் பிறகு ‘தயாராகும் வரை’ என்று குறித்த இரண்டு கட்டம் இருக்கும். பாடகர் பேசி முடிக்கும்வரை பியானோக்காரர் அதையே சுற்றிச் சுற்றி வாசிக்கலாம். நம்மூர்ப் பாட்டுப் புத்தகங்கள் சொற்களை மட்டும் அச்சிட்டு, மெட்டுக்கு ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று குறிப்பிட்டு விட்டுவிட்டன. அவற்றை வாங்கியவர் வீட்டில் பியானோ இல்லை. அமெரிக்காவிலோ 1909-இல் மட்டும் 3,60,000-க்கு மேல் பியானோ தயாரானது.

புதியவர்களை ஏமாற்றிய கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘உங்கள் கவிதைக்கு இசையமைத்து வெளியிடுகிறோம்’ என்று பத்திரிகை விளம்பரம். கவிதை அனுப்பினால் உடனே பாராட்டுக் கடிதம் வரும், கூடவே இவ்வளவு டாலர் அனுப்புங்கள் என்று ஒரு வரி. இருக்கிற மெட்டு ஒன்றை அப்படியே ஒட்டிக் கொஞ்சம் பிரதி அடித்து அனுப்புவார்கள். ஒரு பதிப்பாளரின் லாபம் வாங்குபவரிடமிருந்து வருகிறதா, எழுதியவரிடமிருந்து வருகிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் போதும், தப்பித்திருக்கலாம்.

1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தானாக வாசிக்கும் பியானோவுக்கான தாள் சுருளில் (பியானோ ரோல்) குத்திய ஓட்டைகள் கண்ணால் வாசிக்கும் நொட்டேஷன் அல்ல, ஆகவே காப்பிரைட் அதைத் தொடாது என்றது. மறு வருடமே சட்டம் மாறியது, ஒவ்வொரு ரோலுக்கும் தட்டுக்கும் பாட்டு ஒன்றுக்கு 2 சென்ட் காப்பிரைட் உரிமையாளருக்குத் தர வேண்டும். அந்த 2 சென்ட் 1978 வரை ஏறவே இல்லை! அத்தனை வருட விலைவாசியை நினைத்துப் பார்த்தால் கோபம் வருகிறது. பாட்டு எழுதுகிறவர்களும் பதிப்பாளர்களும் சேர்ந்து 1914-இல் உருவாக்கிய ஆஸ்காப் சங்கத்தால் பொது இடத்தில் வாசிப்பதற்குக் காசு கேட்க முடிந்தது. பாடகர்களுக்குக் கொடுக்கும் லஞ்சம் தங்களையே விழுங்குகிறது என்று பதிப்பாளர்கள் 1917-இல் தனிச் சங்கம் வைத்துத் தடுக்கப் பார்த்தார்கள். ரேடியோ வந்தபோது அதே லஞ்சம் அங்கே தொடர்ந்தது.

கடைசியாக, பழைய தாள்களைச் சேகரிக்கிறவர்களுக்கு. காப்பிரைட் ஆண்டு அச்சிட்ட ஆண்டு அல்ல, பல வருடம் கழித்தும் அதே தகட்டிலிருந்து அடித்திருப்பார்கள். பதிப்பாளரின் முகவரியையும், பின்பக்க விளம்பரத்தில் இருக்கும் மற்றப் பாட்டுகளையும் பாருங்கள், அவற்றில் மிகப் புதியது எதுவோ அதற்கு முன்னால் இந்தப் பிரதி இருக்க முடியாது. சுமார் பத்தரைக்குப் பதின்மூன்றரை அங்குலம் என்றால் முதல் உலகப் போருக்கு முந்தைய அளவு. போரின் தாள் தட்டுப்பாட்டில் அது ஒன்பதுக்குப் பன்னிரண்டாகச் சுருங்கியது. ஒரே தலைப்பு, ஆனால் அட்டையின் வட்டத்துக்குள் வேறு பாடகர் முகம் என்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், யார் எந்த ஊரில் அதைப் பாடினார்கள் என்பதற்கு அதுவும் ஒரு தடயம். நடுவில் தைக்காமல் செருகிய தனி இலை இருக்கிறதா என்று பக்க எண்ணை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் தொலைந்திருக்கும். அட்டைப்படம் அழகாக இருக்கிறது என்று அதை மட்டும் கிழித்துச் சட்டம் போடாதீர்கள். கிழிக்கும்போது தூக்கி எறிகிற பின்பக்கத்தில்தான் அதன் வயது இருக்கிறது.