"வைரஸ் காய்ச்சல்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் போதுமா?

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு உடல் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசு என்றால் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். சூடு ஏறாமல் உடம்பு சில்லிட்டுப்போவதும் அதே அளவுக்கு ஆபத்தான அறிகுறிதான். இதெல்லாம் பலரும் சொல்லிவிட்டது. நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. பரிசோதனைகள் முடிந்து, "பாக்டீரியா இல்லை, வைரஸ்தான், பயப்பட வேண்டாம்" என்று வீட்டுக்கு அனுப்புகிறோமே, அதன் பிறகு என்ன?

பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே தேறிவிடுகிறார்கள். குழந்தைகள் வார்டில் பணிபுரியும் மருத்துவராக இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் சில குழந்தைகளுக்கு வைரஸைவிட, அதை எதிர்க்கக் கிளம்பிய அழற்சிதான் பெரிய எதிரியாகிவிடுகிறது. பெரியவர்களுக்கு இரண்டு நாள் சளி, காய்ச்சலோடு போய்விடும் என்டெரோ வைரஸ், பிரசவத்தை ஒட்டித் தாயிடமிருந்து சிசுவுக்குத் தொற்றினால் கல்லீரலையும் இதயத் தசையையும் மூளையையும் தாக்கக்கூடும். ஹெர்பிஸ் வைரஸும் அப்படித்தான். அபூர்வமாகச் சிலருக்கு நோய் எதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறி, சொந்த ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கிவிடுகின்றன. காய்ச்சல் இறங்காது, கல்லீரலும் மண்ணீரலும் வீங்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரியும், ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற இரும்பு சேமிக்கும் புரதம் ஆயிரக்கணக்கில் ஏறும். பார்ப்பதற்கு அச்சு அசலாக பாக்டீரியா ரத்தத் தொற்று போலவே இருக்கும். அதனால்தான் ஆன்டிபயாடிக் ஒன்று மாற்றி ஒன்று போட்டுப் பார்ப்பதிலேயே பொன்னான நாட்கள் கழிந்துவிடுகின்றன. என் சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் எதுவும் வளராத நிலையில் மருந்தை மறுபடியும் மாற்றக் கை போகும்போது, ஒரு ஃபெரிட்டின் அனுப்பிப் பாருங்கள். சிசுக்களுக்கு அது இயல்பிலேயே சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

என்னை அதிகம் கலங்க வைப்பது ரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்கும் கவாசாகி நோய். ஜப்பானிய மருத்துவர் தோமிசாகு கவாசாகி 1967-இல் 50 குழந்தைகளைக் கவனித்து விவரித்த நோய் இது. காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. ஏதோ ஒரு தொற்று தூண்டிவிடுகிறது என்றே பலரும் கருதுகிறார்கள். கண் சிவப்பு, உதடு வெடிப்பு, தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறிகட்டுதல் என்று புத்தகத்தில் வரும் அடையாளங்கள் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடம் முழுதாகத் தெரிவதே அரிது. இதயத் தமனி வீங்கும் அபாயமோ அவர்களுக்குத்தான் அதிகம்.

ஐந்து மாதக் குழந்தை ஒன்று, காய்ச்சலின் ஆறாம் நாளில் வந்தது. தூக்கினாலும் அழுகை, கீழே விட்டாலும் அழுகை. உடம்பில் தடிப்பு இல்லை, கண்ணும் தெளிவாக இருந்தது. அம்மா தன் செல்போனில் இரண்டு நாளுக்கு முன் எடுத்த படத்தைக் காட்டினார். அதில் இரண்டு கண்ணும் சிவந்திருந்தன, பீளை துளியும் இல்லை. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசி போட்ட தழும்பைச் சுற்றிச் செக்கச்செவேலென்று இருந்தது; இதுவும் கவாசாகியின் ஒரு தடயம். எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதயத் தமனி அகன்றிருந்தது. அம்மா எடுத்த அந்தச் செல்போன் படம் இல்லாவிட்டால் எங்களுக்கு இன்னும் இரண்டு நாள் போயிருக்கும்.

அந்த இரண்டு நாள் சாதாரணமில்லை. சிகிச்சையே இல்லாவிட்டால் சுமார் நான்கில் ஒரு குழந்தைக்குத் தமனி வீங்குகிறது. காய்ச்சல் தொடங்கிய 10 நாட்களுக்குள் எடைக்குக் கிலோவுக்கு 2 கிராம் வீதம் இம்யூனோகுளோபுலின் (நன்கொடை ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றினால் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. மருந்து கொடுக்காமலேயே ஒரு கட்டத்தில் காய்ச்சல் அடங்கிவிடும்; உள்ளே தமனி வீங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே கைக்குழந்தைக்கு ஏழு நாள் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால், வேறு எந்த அடையாளமும் இல்லாவிட்டாலும் எக்கோ எடுப்பதை யோசித்தே ஆக வேண்டும். கோவிட் வந்துபோன 2 முதல் 6 வாரங்களில் பல உறுப்புகளையும் பாதிக்கும் அழற்சி வருவதை 2020-இல் உலகமே பார்த்தது. தொற்று போனாலும் அதன் விளைவு பின்னால் வரலாம் என்பதற்கு இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

இந்தச் சுமையைப் பெற்றோர் தலையில் கட்ட நான் விரும்பவில்லை. "ஏன் முன்னாடியே வரவில்லை?" என்று அவர்களைக் கேட்கும் உரிமை, எப்போது திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியவர்களுக்கு மட்டுமே உண்டு. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் தெளிவாக எழுதுங்கள்: ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் கட்டாயம் வர வேண்டும், பால் குடிப்பது பாதியாகக் குறைந்தாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வர வேண்டும். வந்துபோகும் தடிப்பையும் கண் சிவப்பையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் பாராசிட்டமால்கூடக் கொடுக்கக் கூடாது, ஆஸ்பிரினைத் தாமாக ஒருபோதும் தொடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இம்யூனோகுளோபுலின் ஏற்றிய குழந்தை என்றால் இன்னொரு வரி வேண்டும்: தட்டம்மைத் தடுப்பூசி அதன் பிறகு பல மாதங்களுக்குச் சரியாகப் பலன் தராது, 11 மாதம் தள்ளிப்போடச் சொல்லும் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. அந்தத் தேதியையும் சீட்டிலேயே குறித்துக் கொடுத்துவிடுங்கள்.