திருடன் சேத்து வைக்கல சாமி, செலவு பண்ணிட்டான்

சாம் பாஸ்னு 1870கள்ல அமெரிக்காவுல ஒரு ரயில் கொள்ளைக்காரன். அவன் புதைச்சு வெச்ச தங்கம் இன்னும் டெக்சாஸ்ல ரவுண்ட் ராக் ஊர்ப் பக்கம் கிடக்குன்னு ஒரு வீடியோ, நேத்து அதுக்குக் கீழ கமெண்ட்ல ஒரே கூத்து. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: அவன்கிட்ட தங்கம் மிச்சம் இருந்திருந்தா ரவுண்ட் ராக் பேங்க்கை அடிக்க எதுக்குய்யா வந்தான்?

1877 செப்டம்பர்ல பாஸும் கூட்டாளிங்களும் நெப்ராஸ்காவுல, பிக் ஸ்பிரிங்ஸ்ல யூனியன் பசிபிக் ரயிலை மறிச்சாங்க. 60,000 டாலர், அத்தனையும் அந்த வருஷமே அடிச்ச புத்தம்புது 20 டாலர் தங்கக் காசு. ஆறு பேர், ஆளுக்குப் பத்தாயிரம். கொஞ்ச நாள்லயே மூணு பேர் குண்டடி பட்டுச் செத்தாச்சு, அவங்ககிட்ட இருந்த காசுல நிறைய திரும்பவும் கிடைச்சாச்சு. பாஸ் மட்டும் டெக்சாஸ் வந்து, டென்டன் பக்கம் கூட்டாளிங்களோட தண்ணியா செலவழிச்சான். அடுத்த வருஷமே டல்லாஸைச் சுத்தி நாலு ரயிலை மறிச்சான், பெருசா ஒண்ணும் தேறல. குழி நிறைய தங்கம் வெச்சிருக்கறவன் பண்ற வேலையா இது?

"சாகும்போதும் வாயைத் திறக்கலயே ப்ரோ"ன்னு ஒருத்தர். சரி, திறக்கலதான். ஆனா ரேஞ்சர்ஸ், அதான் டெக்சாஸ் மாநிலப் போலீஸ், குடைஞ்சு குடைஞ்சு கேட்டது அவன் கூட்டத்துல யாரு யாரு இருந்தாங்கன்னு. அதைத்தான் அவன் சொல்லல. "நெருப்பில்லாம புகையுமா"ன்னு கேட்டவங்களுக்கு... விடுங்க.

நான் ரவுண்ட் ராக்ல குடியிருந்தவன். ரூம்மேட் ஒருத்தன் மெட்டல் டிடெக்டர் வாங்கி வந்து வீக்எண்ட் ஆனா ஓடைக்கரையில பீப் பீப்னு திரிவான், கிடைச்சதெல்லாம் பீர் கேன் மூடியும் துருப்பிடிச்ச ஆணியும், அதையும் கழுவித் துடைச்சு ஜன்னல்ல அடுக்கி வெப்பான், பழசா இருக்கும்டான்னு என்கிட்டயே காட்டுவான். அவன்மேல எனக்கு கோபமே வராது. அவன் யாருக்கும் புதையல் மேப் விக்கல. பாஸோட கல்லறைக் கல்லையே ஞாபகத்துக்குன்னு துண்டு துண்டா பேத்து எடுத்துட்டுப் போன ஊரு அது, அவன் பேர்ல ரோடு வேற.

கிரைம்ஸ் பேர்லயும் ஒரு ரோடு இருக்கு. டெபுடி ஷெரிஃப், அதாவது போலீஸ்காரர். 1878 ஜூலை 19, ரவுண்ட் ராக்ல ஒரு கடைக்குள்ள நின்ன பாஸ் கூட்டத்துகிட்ட துப்பாக்கி இருக்கான்னு கேட்டார், அவ்வளவுதான், அங்கயே சுட்டுட்டாங்க. அப்புறம் நடந்த சண்டையில குண்டடி பட்ட பாஸும் ரெண்டு நாள் கழிச்சு செத்தான், அன்னைக்கு அவனுக்கு 27-ஆவது பொறந்தநாள். வீடியோவுல பொறந்தநாளுக்கு சோக மியூசிக் போட்டிருக்காங்க. கிரைம்ஸ் பேரு ஒரு தடவைகூட வரல. அதைக் கேட்டதுக்குத்தான் என் கமெண்ட்டைத் தூக்கினாங்க. எனக்குப் பொறாமையாம்! எதுமேலங்க, இல்லாத தங்கத்து மேலயா?