பெஜோ 309: ஆலைக்குச் சோறு போடப் பிறந்த கார்

கார் பேச்சு எடுத்தால் போதும், “பிரெஞ்சு கார் நம்ம ஊருக்கு ஆகாது” என்று ஒருவராவது சொல்லிவிடுகிறார். ஏன் என்று கேட்டால் முதல் சாட்சியாக பெஜோ 309-ஐக் கூண்டில் ஏற்றுவார்கள். தொண்ணூறுகளில் வந்தது, வந்த வேகத்தில் போனது, வழக்கு முடிந்தது என்பார்கள். இந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. அந்தக் காரின் வாழ்வும் சாவும் ஆலைக் கணக்கில்தான் தீர்மானமாயின. சாலைக்கு அதில் பங்கு குறைவு.

1978-க்குப் போக வேண்டும். அமெரிக்க கார் நிறுவனமான கிரைஸ்லர் தன் ஐரோப்பியத் தொழிலைக் கைகழுவியது, பெஜோவின் பி.எஸ்.ஏ. குழுமம் அதை வாங்கியது. கூடவே வந்து சேர்ந்தவை பிரான்சில் பாரிசை அடுத்த புவாசி ஆலை, இங்கிலாந்தில் கவென்ட்ரி பக்கத்து ரைட்டன், ஸ்காட்லாந்தில் லின்வுட், ஸ்பெயினில் மாட்ரிட்டின் வில்லாவெர்டே. எல்லாவற்றுக்கும் டால்பாட் என்ற பழைய பெயரைத் தூசி தட்டி மாட்டினார்கள். கார்கள் விற்கவில்லை. 1981-இல் லின்வுட்டுக்குப் பூட்டு விழுந்தது. புவாசியில் ஆட்குறைப்பு அறிவிப்பு வந்து, 1983 டிசம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 1984 ஜனவரியில் வேலைக்குப் போக நினைத்தவர்களும் நிறுத்தத்தில் இருந்தவர்களும் ஆலைக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். அங்கே உழைத்தவர்களில் பெரும்பங்கு மொராக்கோ முதலான நாடுகளிலிருந்து வந்தவர்கள். அந்தக் கதையைத் தனியாகவே எழுதலாம்.

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் சி28 என்ற திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. டால்பாட் ஹொரைசனுக்கு அடுத்து வர வேண்டிய கார். கவென்ட்ரியின் விட்லி வடிவமைப்புக் கூடத்தில் உருவானது. பெயர்கூட முடிவாகியிருந்தது: டால்பாட் அரிசோனா. செலவைக் குறைப்பதற்காக, பெஜோவின் சிறிய காரான 205-இன் அடித்தளத்தை நீட்டி எடுத்துக்கொண்டார்கள். கதவுகளும் 205-இன் கதவுகளேதான். பக்கவாட்டில் பார்த்தால் முன்பாதி ஒருவர் கை, பின்பாதி இன்னொருவர் கை என்று தோன்றும். பின்னால் வளைந்த பெரிய கண்ணாடி, அதன் கீழே டிக்கி மாதிரி ஒரு மேடு. முதல் பார்வையில் ஹாட்ச்பேக்கா செடானா என்று தெரியாது. அழகான கார் என்று நான் வாதாடப் போவதில்லை.

கடைசி நேரத்தில் டால்பாட் பெயரையே கார்களிலிருந்து எடுத்துவிட நிர்வாகம் முடிவெடுத்தது. ஆனால் கார் தயார், ஆலைகளுக்கு உடனே வேலை வேண்டும். அப்படித்தான் அதன் மூக்கில் பெஜோ சிங்கம் ஏறியது. எண் வைப்பதில்தான் சிக்கல். வரிசைப்படி 305-க்கு அடுத்து 306 வர வேண்டும். 305 இன்னும் விற்பனையில் இருந்தது, இதுவோ அந்த வம்சமே இல்லை. எனவே எட்டிக் குதித்து 309 என்று வைத்தார்கள். எட்டு வருடம் கழித்து, 1993-இல், இதன் இடத்துக்கு வந்த காருக்கு 306 என்று பெயர்! பிறகு 307, 308 என்று ஏறி, 2007-லிருந்து மூன்று தலைமுறையாக 308-லேயே நிற்கிறார்கள். எட்டில் முடியும் பெயரை மாற்றுவதில்லை என்பது நிறுவனத்தின் கொள்கை. அடுத்த எண் ஏற்கெனவே செலவாகிவிட்டதும் ஒரு காரணமாக இருக்கட்டுமே என்பது என் குறும்பு.

1985 அக்டோபரில் ரைட்டனில் முதல் 309 வெளியே வந்தது. பிரிட்டனில் தயாரான முதல் பெஜோ அதுதான். உள்நாட்டுத் தயாரிப்பு என்ற முத்திரை, நிறுவனங்கள் ஊழியர்களுக்கு வாங்கிக் கொடுக்கும் கார் சந்தையில் அங்கே அப்போது பெரிய பலம். புவாசியிலும் வில்லாவெர்டேயிலும் இதே கார் தயாரானது. சிறிய ரகங்களில் இருந்தவை, கிரைஸ்லர் வழியாக வந்த பிரெஞ்சு நிறுவனமான சிம்காவின் பழைய எஞ்சின்கள், 1118 சிசியும் 1294 சிசியும். டேப்பட் சத்தம் அவற்றின் அடையாளம். 1989-இல் முகம் மாற்றினார்கள், பின்கதவின் விளிம்பைத் தாழ்த்தினார்கள், கொஞ்ச காலத்தில் சிம்கா எஞ்சின்களுக்கும் ஓய்வு கொடுத்தார்கள்.

எனக்கு வயிற்றெரிச்சல் தருவது ஜிடிஐ என்ற வேகமான ரகம். 205 ஜிடிஐ-யைப் பற்றி உருகாத கார்ப் பிரியர் இல்லை. அதே 1.9 லிட்டர், 130 குதிரைத்திறன் எஞ்சின் 309-லும் உண்டு. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் சுமார் 5 செ.மீ. கூடுதல். 205-இல் வளைவுக்குள் பாதியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் விலகி ஓடப் பார்க்கும். 309 அந்த விஷயத்தில் நிதானம். ஓட்டுவதற்கு 309-தான் மேல் என்று சொன்ன பிரிட்டிஷ் விமர்சகர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் சுவரொட்டியில் இடம்பிடித்தது 205. வீட்டுக்கு உழைத்த மூத்த மகனின் படம் கல்யாண ஆல்பத்தில் இல்லாத மாதிரி.

மொத்தம் 16 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதைவிட முக்கியம், ரைட்டன் பிழைத்துக்கொண்டது. அடுத்து அங்கே 405 வந்தது, 306 வந்தது, 206 வந்தது. 2006 கடைசியில்தான் ஆலை மூடப்பட்டது. யாரும் ஆசைப்பட்டுப் பெறாத ஒரு கார் ஒரு ஆலைக்கு 20 வருடம் வாங்கிக் கொடுத்தது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

இனி நம் நாட்டுக் கதை. பத்மினி காரைத் தயாரித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்துடன் பெஜோ கூட்டுச் சேர்ந்தது. 1994-இல் மும்பையை அடுத்த கல்யாண் ஆலையிலிருந்து 309 வந்தது. 1.4 பெட்ரோல், 1.5 டீசல். எஞ்சின்கள் நல்லவை, மேடுபள்ளத்தில் சஸ்பென்ஷன் அருமை. ஆனால் பிரீமியர் இன்னொரு கையை ஃபியட்டுக்கும் நீட்டியிருந்தது, 1996-இல் ஃபியட்டின் உனோ கார் வந்தது. தொழிலாளர் தகராறு முற்றியது, விற்பனைக்குப் பிந்தைய சேவை சரியில்லை. இதற்குள் சியெலோ, ஆஸ்ட்ரா, எஸ்கார்ட் என்று போட்டிக் கார்கள் எல்லாம் கடைவிரித்துவிட்டன. 1997-இல் பெஜோ கிளம்பியது. ரைட்டனில் ஆலைக்கு இந்தக் கார் தேவைப்பட்டது. கல்யாணில் காருக்கு ஒழுங்காக ஓடும் ஒரு ஆலை தேவைப்பட்டது, அது கிடைக்கவில்லை. இதில் பிரெஞ்சுத்தனம் எங்கே வந்தது?

2011-இல் குஜராத்தின் சனந்தில் ஆலை கட்டப்போவதாக பி.எஸ்.ஏ. அறிவித்தது, பிறகு கிடப்பில் போட்டது. 2017-இல் சி.கே. பிர்லா குழுமத்துடன் வந்து இறங்கிய இடம் நம் திருவள்ளூர். மிட்சுபிஷி லான்சர் தயாரான அதே ஆலை வளாகம். எஞ்சின், கியர்பாக்ஸ் வேலை ஓசூரில். வெளிவருவது பெஜோ அல்ல, அதே குழுமத்தின் இன்னொரு பிரெஞ்சு பிராண்டான சிட்ரோயன்.

“சிட்ரோயன் வாங்கலாமா?” என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்குச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். காரைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. உங்கள் மாவட்டத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, பம்பர் உடைந்தால் எத்தனை நாளில் வரும் என்று முதலில் விசாரியுங்கள். “309 கதி தெரியுமா” என்று மட்டும் கமெண்டில் ஆரம்பிக்காதீர்கள். தெரியும்.