தாய்மொழியில் அலறியவர்

பிப்ரவரி 10 வந்துவிட்டால் போலந்து ஹெவி மெட்டல் பாடகர் ரோமான் கொஸ்ட்ஷெஃப்ஸ்கியைப் பற்றி நான்கு வரி எழுதாமல் எனக்கு மனம் ஆறாது. 1987-இல் இதே நாளில், போலந்தின் காட்டோவிட்சே நகரில், ஸ்போடெக் அரங்கில் அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகாவுக்கு முன்னால் மேடையேறிய குழு அவருடைய 'காட்'. சரியாக 35 ஆண்டுகள் கழித்து, 2022-இல், அதே பிப்ரவரி 10 அன்று புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

போலிஷில் 'காட்' என்றால் மரண தண்டனையை நிறைவேற்றுபவன். அந்தப் பெயரையும், பைபிளில் கொடிய மிருகத்தின் எண்ணான '666' என்ற ஆல்பத்தையும் பார்த்துவிட்டு, 'சாத்தான் பாடகர்' என்று அவரை ஒரே சொல்லில் ஒதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. அவர் குழுவில் சேர்ந்தது 1981-இல். அந்த டிசம்பரில் நாட்டில் இராணுவச் சட்டம் வந்தது. மூன்று நாள் கழித்து அதே காட்டோவிட்சேயின் வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு பக்கம் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி, மறு பக்கம் தேவாலயம், இரண்டுமே பணிந்து நட என்றன. பணிய மறுத்தவன் ஒருவனை அவர் தன் பாட்டுக்குத் தேடினார். கதைகளில் அப்படி மறுத்தவன் சாத்தான்தானே!

ஆனால் நான் அவரைக் கொண்டாடுவது இதற்காக மட்டும் இல்லை. 1986-இல் ஏறக்குறைய அதே பாடல்களைக் குழு இரண்டு மொழிகளில் வெளியிட்டது. ஆங்கிலத்தில் பாடியது 'மெட்டல் அண்ட் ஹெல்'. போலிஷில் பாடியது '666'. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் அவர் இரவல் சட்டை போட்டவரைப் போல் பாடுகிறார். போலிஷில் ச, ஷ, ட்ஷ என்று மெய்கள் ஒன்றோடொன்று உரசித் தீப்பொறி பறக்கிறது. 'வேடர்', 'பெஹெமோத்' போன்ற பிற்காலப் போலந்துக் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடி உலகம் சுற்றின. அந்தப் புகழ் இவருக்குக் கிடைக்கவில்லை. 2004 வாக்கில் குழுவே இரண்டாக உடைந்தது. அப்போதும் அவர் போலிஷை விடவில்லை. 2019 வரை புதிய ஆல்பம் தந்தார்.

எனக்குப் போலிஷ் தெரியாது. 1993-இல் வந்த 'பல்லாடி' ஆல்பத்தில் மெல்லிய கிதாரோடு தொடங்கும் ஒரு பாடல் உண்டு. தலைப்பின் முதல் சொல் 'வ்ஸா'. ஒரே அசை, சொல்லத் தொடங்குவதற்குள் முடிந்துவிடும். அலறலுக்குப் பேர்போன அந்தத் தொண்டை இந்தப் பாட்டில் இவ்வளவு தணிந்து போவது ஏன் என்று புரியாமல், நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து அகராதியில் தேடினேன். கண்ணீர்த் துளி என்று இருந்தது.