‘ஓசிச் சம்பளம்’

சென்னை ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனி. வேலைக்குச் சேர்ந்து நாலு மாசமான பொண்ணு மகப்பேறு விடுப்பு கேட்டதுக்கு மேனேஜர் முடியாதுன்னு சொன்ன ஸ்கிரீன்ஷாட் சுத்திக்கிட்டு இருக்கு. அதைப் பத்தி எழுத வேண்டாம்னு மூணு நாளா வாயைக் கட்டிக்கிட்டுதான் இருந்தேன். நேத்து ராத்திரி அந்த மேனேஜரே வந்து ‘விளக்கம்’ கொடுத்திருக்கார். அதைப் படிச்ச பிறகு சும்மா இருக்க முடியல. “நாங்க பெண்களுக்கு எதிரி இல்லை. ஆனா சேர்ந்து நாலே மாசத்துல வந்து 26 வாரம் ஓசிச் சம்பளம் கேட்டா எந்த கம்பெனி தாங்கும்? ப்ரொபேஷன்ல மெட்டர்னிட்டி லீவு எங்க பாலிசியிலயே இல்லை.” கீழ வரிசையா ஹார்ட்டின். மகளிர் தினத்துக்கு ஆபீஸ்லயே வளைகாப்பு நடத்தி, கலந்த சாதம் அஞ்சு வகை வெச்சு லிங்க்ட்இன்ல படம் போட்ட அதே கம்பெனிங்க இது.

ஓசி இல்லை சார். சம்பளம்.

உங்க பாலிசியில என்ன இருக்குங்கறது இங்க கேள்வியே இல்லை. 1961ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம் ரொம்ப எளிமையா ஒரு கணக்கு சொல்லுது. டாக்டர் குறிச்சுக் கொடுத்த பிரசவத் தேதியிலேர்ந்து பின்னாடி 12 மாசம் எண்ணணும். அதுக்குள்ள 80 நாள் வேலை பார்த்திருந்தா போதும். சம்பளத்தோட விட்ட விடுமுறையும் அந்த 80ல சேரும். ‘ஒரு வருஷம் சர்வீஸ்’, ‘கன்ஃபர்மேஷன்’, ‘ப்ரொபேஷன்’ இதெல்லாம் அந்தப் பிரிவுல தேடினாலும் கிடைக்காது. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற எந்த ஆபீசும், எந்தக் கடையும் இதுக்குள்ள வந்துடும். 2025 நவம்பர் 21லேர்ந்து இது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புங்கற புதுச் சட்டத்துக்குள்ள போயிடுச்சு, சரி. ஆனா 80 அதே 80தான், 26 அதே 26தான். “சட்டம் மாறிடுச்சு மேடம், புது ரூல் பார்க்கணும்”னு ஹெச்ஆர் இழுத்தா, எந்தப் பிரிவுன்னு மெயில்ல கேளுங்க. பதில் வராது.

இப்ப அந்தப் பொண்ணோட கணக்கைப் பார்ப்போம். அவங்க பதிவுல சொன்னபடி, பிப்ரவரி முதல் வாரம் சேர்ந்தாங்க. பிரசவத் தேதி அக்டோபர்ல. வாரத்துக்கு அஞ்சே நாள்னு வெச்சாலும் 16 வாரத்துல 80 வந்துடும். அதாவது மே மாசக் கடைசி. ஜூன்ல லெட்டர் கொடுத்திருக்காங்க. இதுல தாங்குறதுக்கும் தாங்காததுக்கும் என்ன இருக்கு? அஞ்சாங்கிளாஸ் பெருக்கல்.

26 வாரத்துல பிரசவத்துக்கு முன்னாடி அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்கலாம். மீதியெல்லாம் பின்னாடி. மொத்தத்தையும் பின்னாடியே வெச்சுக்கறதும் அவங்க இஷ்டம். நிறைய பேர் இங்கதான் ஏமாறுறாங்க. ஒன்பதாவது மாசம் பெருங்குடி சிக்னல்ல ஷேர் ஆட்டோவுல குலுங்கிட்டுப் போக முடியாம நாலு நாள் லீவு போட்டா, ஹெச்ஆர் அன்னிலேர்ந்தே 26 வாரத்தை ஓட விட்டுடுவாங்க. அதனால எந்தத் தேதியிலேர்ந்து வரப் போறதில்லைங்கறதை நீங்களே எழுத்துல கொடுத்துடுங்க. லெட்டர் கொடுக்க மறந்துட்டாலும் உரிமை போகாதுன்னு சட்டமே சொல்லுது, ஆனா அதை நிரூபிக்க அலையப் போறது நீங்கதான்.

லீவு சம்பளக் கணக்குல ஞாயித்துக்கிழமையைக் கழிக்கிற வித்தையும் ஒண்ணு இருக்கு. இன்னிக்கும் சில பே-ரோல்ல பண்றாங்க. இதைப் பத்தின வழக்கு முடிஞ்சு கிட்டத்தட்ட அம்பது வருஷம் ஆகுதுங்க. நம்ம ஊர் வழக்குதான், கோயம்புத்தூர் லேபர் கோர்ட்லேர்ந்து போனது. ஒரு தோட்டத் தொழிலாளிப் பொண்ணுக்கு 12 வாரத்துக்கு 84 நாள் கூலி கொடுக்கணும். ஞாயித்துக்கிழமை வேலை இல்லையேன்னு சொல்லி 72 நாளுக்கு மட்டும் கொடுத்தாங்க. அந்தப் பன்னெண்டு நாள் கூலிக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1977ல, வாரம்னா ஏழு நாள்னு தீர்ப்பு வந்தது. வாரத்துக்கு எத்தனை நாள்னு சொல்லவே நமக்கு உச்ச நீதிமன்றம் வேண்டியிருக்கு. அப்ப 26 வாரம்னா 182 நாள். ஞாயிறும் உண்டு, சனியும் உண்டு.

இப்ப வருவாங்க. “சின்ன கம்பெனி என்ன பண்ணும்? பன்னெண்டு பேர் வெச்சு நடத்துறவன் ஒருத்தருக்கு ஆறு மாசம் சும்மா சம்பளம் கொடுத்துட்டு, அவங்க சீட்டுக்கு இன்னொருத்தரையும் எடுக்கணுமா?”

இந்தக் கேள்வி நியாயமானது. உண்மையிலேயே நியாயமானது. ஆனா அதை யார்கிட்ட கேக்கறீங்கங்கறதுதான் தப்பு. வயித்துல புள்ளையோட நிக்கிறவகிட்ட கேக்கறீங்க. அரசாங்கத்துகிட்ட கேளுங்க. 2017ல 12 வாரத்தை 26 ஆக்குனப்ப எல்லாரும் மேஜையைத் தட்டினாங்க. கூடுதலா வந்த 14 வாரத்துக்குப் பணம் எங்கேர்ந்து வரும்னு கேட்டா, முதலாளி தலையில. முழுசும். சர்வதேச தொழிலாளர் அமைப்போட 183ஆவது உடன்படிக்கை 2000லயே சொல்லிடுச்சு, இந்தச் செலவைத் தனி முதலாளி மேல ஏத்தாதே, காப்பீட்டுலேர்ந்தோ பொதுப் பணத்துலேர்ந்தோ கொடுன்னு. இந்தியா அதுல இன்னும் கையெழுத்தே போடல. 2018ல, மாசம் 15,000 வரைக்கும் வாங்குறவங்களுக்கு 7 வாரச் சம்பளத்தைக் கம்பெனிக்குத் திருப்பித் தர்றதா மத்திய தொழிலாளர் அமைச்சகம் ஒரு பேச்சை எடுத்தது. பேச்சோட சரி.

இத்தனைக்கும் வழி தெரியாம இல்லை. ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, கண்ணு முன்னாடி இருக்கு. மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் இருக்கிறவங்களுக்குத் தொழிலாளிகிட்ட 0.75 சதவீதம், முதலாளிகிட்ட 3.25 சதவீதம் பிடிச்சு, 26 வாரச் சம்பளத்தை ஈஎஸ்ஐயே கொடுக்குது. கம்பெனி அதுக்கு மேல ஒரு பைசா கொடுக்க வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்ல தையல் மிஷின்ல உக்காந்திருக்கிற பொண்ணுக்கு இது ஒழுங்கா நடக்கும், முன்னாடி ரெண்டு பங்களிப்புக் காலத்துல (அரை வருஷம் ஒரு காலம்) 70 நாள் காசு கட்டியிருந்தா. (சம்பளத்துல பிடிச்சுட்டு அங்க கட்டாம விடுற கான்ட்ராக்டர் கதை தனி. ஈஎஸ்ஐ சைட்ல உங்க நம்பரைப் போட்டு மாசாமாசம் பாருங்க.) 21,001 ரூபா சம்பளம் ஆனதும் அந்தக் காப்பீடு காணாமப் போயிடுது, அங்கேர்ந்து முதலாளி பாடு. இந்த ஓட்டையை அடைச்சா பாதி மேனேஜர்கள் வாய் அடைஞ்சுடும்.

“அப்ப பொண்ணுங்களையே எடுக்க மாட்டோம்.” இதையும் ஒருத்தர் எழுதியிருக்கார். ஏதோ இதுவரைக்கும் வாரி வாரி எடுத்த மாதிரி! இன்டர்வியூல “எப்ப கல்யாணம்?”, “குழந்தை பிளான் இருக்கா?”ன்னு கேட்டுட்டுதானே இருக்கீங்க?

“எங்க பாட்டி வயல்ல நாத்து நட்டுட்டே பெத்தாங்க.” சந்தோஷம். உங்க பாட்டிக்கு எத்தனை குழந்தை தங்குச்சுன்னும் சேர்த்து எழுதுங்க.

இன்னொரு கமென்ட்: “கவர்மென்ட்தான் 18,000 கொடுக்குதே.” அதையும் பார்த்துடுவோம், ஏன்னா இது வேற காசு, அது வேற காசு. தமிழக அரசோட முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987ல 300 ரூபாயில ஆரம்பிச்சது. இன்னிக்கு 14,000 ரொக்கம், மீதி 4,000க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். ரொக்கம் மூணு தவணை: கர்ப்பத்தோட நாலாம் மாசம் 6,000, குழந்தைக்கு நாலு மாசம் ஆனதும் 6,000, குழந்தையோட ஒன்பதாம் மாசம் 2,000. வயசு 19 ஆகியிருக்கணும், முதல் ரெண்டு பிரசவத்துக்குத்தான். நல்ல திட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அது பேரீச்சம்பழத்துக்கும் நெய்க்கும் ஆஸ்பத்திரி போற ஆட்டோவுக்குமான காசு. ஆறு மாசச் சம்பளத்துக்கு ஈடு ஆகுமா?

அந்தக் காசும் எங்கெங்கே சிக்கும்னு சொல்றேன், வாங்க வேண்டியவங்க படிக்கட்டும். 12 வாரத்துக்குள்ள உங்க ஏரியா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிஞ்சு பிக்மி நம்பர் (அரசு கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற பதிவு நம்பர்) வாங்கணும். பிரைவேட்ல பார்த்தாலும் வாங்கணும், பிறப்புச் சான்றிதழ் எழுதும்போது அதைத்தான் கேப்பாங்க. ஆதார்ல அப்பா இனிஷியல், பேங்க் பாஸ்புக்ல புருஷன் பேருன்னு இருந்தா பணம் அப்படியே நிக்கும். ஆதார் இணைக்காத பழைய அக்கவுன்ட், ரெண்டு வருஷமா தொடாத அக்கவுன்ட், அதுலயும் நிக்கும். பெரிய சிக்கல் தாய்வீடு. வியாசர்பாடியில பதிஞ்சுட்டு, ஏழாம் மாசம் வளையல் போட்டு செய்யாறுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. பிரசவம் அங்க. இங்க இருக்கிற நர்ஸம்மாவுக்கு யாரும் சொல்றதில்லை. ஆன்லைன்ல அந்தப் பொண்ணு இன்னும் கர்ப்பிணியாவே இருப்பா, குழந்தை குப்புற விழுந்திருக்கும். போறதுக்கு முன்னாடி பிக்மி நம்பரையும் தாய் சேய் அட்டையையும் எடுத்துட்டுப் போய், போன ஊர் நர்ஸ்கிட்ட காட்டிடுங்க.

எங்கயோ போயிட்டேன். ஓசிச் சம்பளம்.

ஓசின்னு சொல்றவர் இதே ஊர்ல அரசு ஊழியருக்கு என்ன கிடைக்குதுன்னு பார்க்கட்டும். 2011ல ஆறு மாசம், 2016ல ஒன்பது, 2021 ஜூலை 1லேர்ந்து ஒரு வருஷம், முழுச் சம்பளத்தோட. டைடல் பார்க்குக்கு இந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூட டீச்சரோட குழந்தைக்கு ஒரு வருஷம் அம்மா கூட இருப்பா, அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதுறவளோட குழந்தைக்கு ஆறு மாசம், தி.நகர்ல புடவை பிரிச்சுப் போடுறவளோட குழந்தைக்கு? அவங்க உக்கார ஸ்டூல் போடணும்னு 2021ல சட்டம் வந்துதான் ஸ்டூலே வந்தது. பிரசவத்துக்கு ஆறு வாரத்துக்கு முந்தின ஒரு மாசம் ரொம்ப நேரம் நிக்கிற வேலை கொடுக்கக் கூடாது, அவங்க கேட்டா மாத்திக் கொடுக்கணும்னு மகப்பேறுச் சட்டத்துல இருக்கு. எந்தக் கடையில எந்தப் பொண்ணு போய் அதைக் கேப்பா?

சரி, லீவு கொடுத்துட்டாங்கன்னே வெச்சுக்குவோம். திரும்பி வர்ற அன்னிக்குத்தான் அடுத்த கூத்து. 50 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா குழந்தைக் காப்பகம் வேணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம். காகிதத்துல சோழிங்கநல்லூர் ஆபீசுக்கு வேளச்சேரியில ஒரு காப்பகத்தோட ‘டை-அப்’ இருக்கும். நாலு தடவை போயிட்டு வந்தா சாயங்காலம் ஆயிடும். குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பால் கொடுக்க ரெண்டு இடைவேளை உண்டு. அதுல என்ன நடக்குது தெரியுமா? பாத்ரூம்ல, மூடி வெச்ச கம்மோடு மேல உக்காந்து, ஹேண்ட் டிரையர் சத்தத்துக்கு நடுவுல பம்ப் பண்றாங்க. எடுத்த பால் 25 டிகிரிக்குள்ள நாலு மணி நேரம் தாங்கும். நம்ம ஊர் மே மாசத்துல 25 டிகிரி ஏசிக்குள்ள மட்டும்தான். ஃபிரிட்ஜ்ல வெச்சா, டப்பா மேல யாரோ “இது என்ன?”ன்னு ஒட்டின மஞ்சள் சீட்டு. ஐஸ் பேக் போட்ட பையில வெச்சுக்கிட்டு தாம்பரம் வரைக்கும் பஸ்ல நின்னுக்கிட்டே போறாங்க. இவங்களைப் பார்த்துதான் ஓசி.

“அப்பாவுக்கும் லீவு கேப்பீங்களா அடுத்து?”ன்னு நக்கல் வேற. ஆமா, கேப்போம். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் இருக்கு. தனியார்ல சட்டப்படி பூஜ்யம். 2017ல நாடாளுமன்றத்துல ஒரு தனிநபர் மசோதா வந்து காலாவதியாச்சு. சிசேரியன் ஆனவ தையலைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்க முடியாம படுத்திருப்பா. புருஷன் மூணாம் நாள் கேஷுவல் லீவு தீர்ந்து லேப்டாப்பைத் தூக்கிட்டுக் கிளம்பணும். அவனைக் கெட்டவன்னு நாம பேசுவோம். அவனுக்கும் லீவு கொடுத்தா இன்டர்வியூல பொண்ணுகிட்ட மட்டும் அந்தக் கேள்வியைக் கேக்க முடியாது இல்ல? அது உங்களுக்கு வேணாம், தெரியும்.

அந்தப் பொண்ணு இதைப் படிச்சா: ராஜினாமாக் கடிதத்துல கையெழுத்து போடாதேம்மா. “நீயே எழுதிக் கொடுத்துட்டா நல்ல ரிலீவிங் லெட்டர் தர்றோம்”னு அன்பாத்தான் பேசுவாங்க. கையெழுத்து விழுந்ததும் உன் 80 நாளும் 182 நாளும் ‘சொந்த விருப்பத்துல விலகினார்’ ஆயிடும். லீவு கேட்டுக் கொடுக்கிற நோட்டீஸை ரெண்டு காப்பி எடு, ஒண்ணுல சீல் வாங்கு, தரலைன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பு. ஸ்கேன் ரிப்போர்ட், சம்பளச் சீட்டு, அட்டெண்டன்ஸ் எல்லாத்தையும் இன்னிக்கே உன் சொந்த மெயிலுக்கு அனுப்பிடு. வேலையை விட்டு எடுத்துட்டாங்கன்னா அன்னிக்குச் சாயங்காலமே ஆபீஸ் மெயிலைப் பூட்டிடுவாங்க. அப்படி எடுத்தா மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான், அதுக்குள்ள தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல தொழிலாளர் துறை ஆபீசுக்குப் போ. தனியாப் போகாதே, மாடி ஏறணும்.