பிள்ளைகளுக்கு நாடகம் போட ஒரு கம்பெனி வேண்டும்

மைக் செட் போடுகிறவன் மேடையை நேராகப் பார்ப்பது குறைவு. ஓரமாக ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அங்கிருந்து நடிக்கிறவர் முதுகும் பார்க்கிறவர் முகமும்தான் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக மதுரையைச் சுற்றி இந்தத் தொழில்தான். காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஊர்த் திருவிழாவுக்கு வள்ளி திருமணம், பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டியிருக்கிறேன். எல்லா இடத்திலும் முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருப்பது பிள்ளைகள்தான். அவர்களுக்காக யாரும் எதையும் போட்டு நான் பார்த்ததில்லை, போன மாதம் வரைக்கும்.

‘ஆண்டு விழா இருக்கிறதே’ என்பீர்கள். அது பிள்ளைகள் நடித்துப் பெற்றோர் செல்போனில் படம் பிடிப்பது. ஒரு பள்ளிக்கூடத்தில் (பெயர் வேண்டாம், இன்னும் கொஞ்சம் பாக்கி வரவேண்டியிருக்கிறது) கட்டபொம்மன் நாடகம். வசனம் எல்லாம் பென் டிரைவில். பையன் வாயை அசைக்க வேண்டியதுதான் வேலை. பாதியில் பென் டிரைவ் நின்றுவிட்டது. நான் பிடுங்கிச் செருகிப் பார்க்கிறேன், வரவில்லை. பையன் மீசையில் வைத்த கையை எடுக்கவில்லை. திறந்த வாய் திறந்தபடி. ஒரு நிமிடம் இருக்கும், அப்படியே நின்றான். அவனுக்கு அடுத்த வரி தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை, தேவைப்படவும் இல்லை. திட்டு என்னவோ எனக்குத்தான் விழுந்தது. அந்தப் பையன் கண்ணில் வந்த தண்ணீரைப் பக்கவாட்டில் இருந்து நான் ஒருவன்தான் பார்த்தேன்.

சரி, போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஊர்க்காரர்கள் செட் சொல்லியிருந்தார்கள். ஒரு ஆம்னி வேனில் நான்கு பேர் வந்து இறங்கினார்கள், மூன்று ஆண், ஒரு பெண். சாமான் என்று பார்த்தால் இரண்டு மூங்கில் கூடை, ஒரு பழைய சேலை, ஒரு பறை. ‘மைக் வேண்டாம் அண்ணே’ என்றார் அந்தப் பெண். எனக்குச் சுருக்கென்றது. பிறகு காரணம் சொன்னார்: ‘நான் இங்க நின்னு பேசுவேன், சத்தம் உங்க பாக்ஸ்ல இருந்து வரும். சின்னப் புள்ளைங்க சத்தம் வர்ற பக்கம் திரும்பிரும்.’ இத்தனை வருடத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை. பாக்ஸை ஓரம் கட்டிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் ஒரு நாடகத்தை முன்பக்கம் இருந்து பார்த்தேன்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பையன். விடியுமுன்னே அம்மாவோடு மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப் பறித்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிறான். மொட்டு விரியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும், இல்லையென்றால் விலை இல்லை. அதனால் வகுப்பில் தூங்கிவிடுகிறான். அவ்வளவுதான். பையனாக நடித்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், முன்தலை வழுக்கை. இரண்டு நிமிடம் பிள்ளைகள் சிரித்தார்கள், அப்புறம் அந்த வழுக்கை அவர்கள் கண்ணிலேயே படவில்லை. அவர் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு குனிந்து, இல்லாத செடியில் இல்லாத மொட்டைக் கிள்ளினார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வேலை செய்தன, மற்ற மூன்று விரலும் பறித்த மொட்டைப் பொத்தி வைத்திருந்தன. பக்கத்தில் இருந்த ஒரு சிறுமி தன் கையை அதே மாதிரி மடித்துப் பார்த்துக்கொண்டாள். அது பறிக்கிற கை.

அவர் கொட்டாவி விட்டார். முன்வரிசை கொட்டாவி விட்டது. வரிசை வரிசையாகப் பின்னால் போய், கடைசியில் நின்ற சத்துணவு அம்மாவும் விட்டார். வாத்தியார் வேஷம் வந்ததும் ‘டேய் எந்திரி, சார் வர்றாரு’ என்று பிள்ளைகள் நடுவில் இருந்து ஒரு கத்தல். நடிகர் கண்ணைத் திறக்காமலே, ‘யாருடா அது, சனிக்கிழமைதானே இன்னிக்கு’ என்றார். அது எழுதி வைத்த வசனமாக இருக்க முடியாது. பள்ளிக்கூடமே புரண்டு சிரித்தது.

முடிந்ததும் விருந்தினராக வந்திருந்த ஒருவர் எழுந்து, ‘இதிலிருந்து என்ன நீதி தெரிந்துகொண்டீர்கள்?’ என்று கேட்டார். அவ்வளவு நேரம் கத்திய கூட்டம் அடங்கிப்போய்விட்டது. பிறகு குழுவைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த முறை பிளாஸ்டிக் ஒழிப்பும் டெங்கும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஆளுக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். டீசல் காசு கொடுத்தார்கள். சம்பளம் என்ற பேச்சே இல்லை. எனக்குப் பேசிய வாடகை முழுதாக வந்தது, போடாத செட்டுக்கு!

என் ஆதங்கம் இதுதான். நாடகம் போட்டுச் சம்பளம் வாங்குவது என்பது மதுரைக்குப் புதிதா? நாடகம் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் கம்பெனியைத் தொடங்கியது இந்த ஊரில்தான். பின்னாளில் பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்ரபாணியும் சின்னப் பையன்களாகப் போய்ச் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். இந்த பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகள் ராத்திரி கண்விழித்துப் பெரியவர்களுக்கு நடித்தார்கள். அடியும் உண்டு. வயசு வந்து மகரக்கட்டு உடைந்து குரல் போனால் பிழைப்பும் போச்சு. அதைத் திருப்பிக் கொண்டுவா என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது அதைத் தலைகீழாக்கி: பெரியவர்கள் சம்பளத்துக்கு நடிக்கட்டும், பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஆனால் பாய்ஸ் கம்பெனியில் ஒரு விஷயம் இருந்தது. எல்லாரும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே இடத்தில் ஒத்திகை பார்த்தார்கள். நாடகம் எழுதுகிற வாத்தியார் கூடவே இருந்தார். எந்தப் பையன் எந்தச் சுருதியில் பாடுவான் என்று தெரிந்து எழுதினார். ஒரே ராத்திரியில் சுவாமிகள் ஒரு முழு நாடகம் எழுதினார் என்று சண்முகம் சொல்லியிருக்கிறார் என்றால், பக்கத்து அறையில் நடிக்க ஆள் இருந்ததால்தான்.

ஊர்த் திருவிழாக்களில் போடுகிற ஸ்பெஷல் நாடகம் வேறு மாதிரி. கதாநாயகனாக நடிக்கிற ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் ஒரு ஊர், சிரிக்க வைக்கிற பபூன், பின்பாட்டுக்காரர், மிருதங்கக்காரர், மற்ற வாத்தியக்காரர் எல்லாரையும் தனித்தனியாக ஒரு ராத்திரிக்குப் பேசி அழைப்பது. ஒத்திகை கிடையாது. மேடையில்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள், விடிய விடிய அடித்து நொறுக்குவார்கள். எல்லாருக்கும் வள்ளி திருமணம் மனப்பாடம் என்பதால் அது முடிகிறது. அதே காரணத்தால் அதில் புது நாடகம் பிறக்கவும் முடியாது. புது நாடகத்துக்கு நான்கு பேர் மூன்று மாதம் ஒன்றாக உட்கார வேண்டும். அந்த மூன்று மாதத்துக்கு அடுப்பு எரிய வேண்டும்.

வெளியே இது நடக்காமல் இல்லை. டெல்லி தேசிய நாடகப் பள்ளி 1989இலேயே பெரியவர்களை வைத்துப் பிள்ளைகளுக்காக ஒரு நாடகக் குழு தொடங்கிவிட்டது. புனேயில் 1986 முதல், பெர்லின் கிரிப்ஸ் நாடகக் குழுவின் வழியில், ராஜா ராணி இல்லாமல் இன்றைய பிள்ளைகளின் அன்றாடப் பாடுகளையே மேடையில் வைக்கிறார்கள். புதுச்சேரியில் வேலு சரவணன் தன் ஆழி நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் பிள்ளைகள் முன்னால் நிற்பது எத்தனையோ வருடமாக. நமக்குப் பக்கத்திலேயே காந்திகிராமத்தில் நாடகப் பேராசிரியர் சே. இராமானுஜம் இருந்தார், குழந்தைகள் நாடகத்துக்கு அவர் அளவு உழைத்தவர்கள் குறைவு. அரசுப் பள்ளிகளில் 2022இல் இருந்து கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கேயும் பிள்ளைகள்தான் மேடையில், அதுவும் போட்டி. பரிசு வாங்க வேண்டிய அவசியம் இல்லாமல் ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்து நாடகம் பார்க்கக் கூடாதா?

கணக்கு போட்டுப் பார்த்தேன். ஐந்து பேர், ஆளுக்கு மாதம் இருபதாயிரம் என்றால் ஒரு லட்சம். மாதம் இருபது காட்சி, காட்சிக்கு இருநூறு பிள்ளைகள். தலைக்கு இருபத்தைந்து ரூபாய். வேன், டீசல், ஒத்திகை மாதங்களின் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐம்பது என்றே வையுங்கள். சித்திரைப் பொருட்காட்சியில் ராட்டினம் ஏற்றிவிட யோசிக்கிறோமா?

ஆளுக்கும் பஞ்சமில்லை. ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்குப் பங்குனி, சித்திரை, வைகாசியில் மூச்சுவிட நேரம் இருக்காது. புரட்டாசிக்கு மேல் ஈ ஓட்டுவார்கள். பள்ளிக்கூடம் மும்முரமாக நடப்பது அந்த மாதங்களில்தான். ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கி விழுகிற கூட்டத்தை ஒரே ஒரு பாட்டுப் பாடி எழுப்புகிற பபூனுக்கு மூன்றாம் வகுப்பு எம்மாத்திரம்? எனக்குத் தெரிந்த ஒரு பபூன் அண்ணனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘ரெட்டை அர்த்தம் இல்லாம அரை மணி நேரமா தம்பி?’ என்றார். சிரித்தார். அப்புறம், ‘ஒத்திகைக்கு யாரு காசு தருவா?’ என்று கேட்டார்.

அந்த நால்வர் குழு தை பிறந்ததும் உசிலம்பட்டிப் பக்கம் வரப்போகிறதாம். தங்கள் ஊர்ப் பள்ளியில் போட நினைக்கிற தலைமை ஆசிரியர்கள், பெற்றோர் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், கோர்த்துவிடுகிறேன். துண்டு வேண்டாம், சம்பளம் பேசிக்கொள்ளுங்கள். என் செட் இலவசம். அவர்கள் எப்படியும் வாங்கப் போவதில்லை.